நாய்க்கு எதெல்லாம் ஆகாது? கடைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

கால்நடை மருந்துக்கடையில் மருந்துச் சீட்டோடு வருபவர்களைவிடச் சந்தேகத்தோடு வருபவர்கள்தான் அதிகம். இணையத்தில் தேடினால் மக்கடேமியா கொட்டை, அவகாடோ என்று நம் வீட்டுப் பக்கமே வராத பெயர்கள் முதலில் நிற்கின்றன. சாம்பாரையும் பாயசத்தையும் பிரியாணி எலும்பையும் பற்றி யாரும் சொல்வதில்லை. அதனால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் நாய்க்கு எதாவது ஆகிவிட்டால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் முதலில் மருத்துவருக்குப் போன் போடுங்கள்.

நாம சாப்பிடுறதைத்தானே அதுவும் சாப்பிடுது. அதுக்கு மட்டும் எப்படி விஷமாகும்?

நம் உடம்பு எளிதாக உடைத்து வெளியேற்றும் சில பொருட்களை நாயின் உடம்பு வெளியேற்ற வெகுநேரம் எடுத்துக்கொள்கிறது. சாக்லேட்டில் இருக்கும் தியோப்ரோமின் நாயின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே கிட்டத்தட்ட 17 மணி நேரம் ஆகும். அதுவரை இதயத்தையும் நரம்பையும் அது முடுக்கிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று எடை. 5 கிலோ ஸ்பிட்ஸுக்கும் 25 கிலோ ராஜபாளையத்துக்கும் ஒரே அளவு ஒரே வேலை செய்யாது. கீழே வரும் பல பதில்களில் எடைக் கணக்கு இருக்கும். உங்கள் நாயின் எடை தெரியாவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள்.

பால் கொடுத்தா பேதி ஆகுது. பாலும் விஷமா?

இல்லை. குட்டிப் பருவம் தாண்டியதும் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் திறன் பல நாய்களுக்குக் குறைந்துவிடும், அதனால்தான் பேதி. ஒத்துக்கொள்ளும் நாய்க்குக் கொஞ்சம் கொடுக்கலாம், ஒத்துக்கொள்ளாததற்கு நிறுத்திவிடுங்கள். தயிர் பெரும்பாலும் பிரச்சினை செய்வதில்லை.

டீக்கடையில பொறை, பிஸ்கட் வாங்கிப் போடுறேன். தப்பா?

பொறை விஷமில்லை. மைதாவும் சர்க்கரையும்தான், சத்து என்று பெரிதாக ஒன்றுமில்லை. எப்போதாவது போடலாம். சாக்லேட் க்ரீம் பிஸ்கட்டும் திராட்சை பதித்த பன்னும் மட்டும் வேண்டாம். ஏன் என்பது கீழே வருகிறது.

சாக்லேட் ஒரு துண்டு தின்னுட்டுச்சு. செத்துடுமா?

எந்தச் சாக்லேட், எவ்வளவு, நாயின் எடை என்ன? இந்த மூன்றும் தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒரு கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் தியோப்ரோமின் போனால் அறிகுறிகள் தொடங்கும்: வாந்தி, தாகம், ஓரிடத்தில் நிற்காமல் அலைவது. 40-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60-ஐ எட்டினால் வலிப்பு.

சாதாரண மில்க் சாக்லேட்டில் ஒரு கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம் இருக்கும், டார்க் சாக்லேட்டில் சுமார் 5. கேக் செய்ய வாங்கி வைக்கும் கோகோ பவுடரில் 20-க்கு மேல்கூடப் போகும். 5 கிலோ நாய் என்றால் மில்க் சாக்லேட் 50 கிராம், டார்க் 20 கிராம், கோகோ பவுடர் வெறும் 5 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன், தின்றாலே தொல்லை ஆரம்பம். அதே மில்க் சாக்லேட்டை ராஜபாளையம் ஒரு சின்னத் துண்டு தின்றிருந்தால் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு போய்விடும். பிறந்தநாள் கேக்கைவிட அலமாரியில் இருக்கும் பவுடர் டப்பாவைத்தான் நீங்கள் உயரத்தில் வைக்க வேண்டும்.

காலையில காபி டம்ளரை நக்கக் கொடுத்தாத்தான் விடும். பரவாயில்லையா?

டம்ளரின் அடியில் ஒட்டியிருப்பதை நக்கியதால் எந்த நாயும் சாகாது. ஆனால் அந்தப் பழக்கம் வேண்டாம். காபியில் இருக்கும் கஃபீன் தியோப்ரோமினின் உறவுதான், வேலையும் அதே வேலை. ஆபத்து காபித்தூளிலும் ஃபில்டரிலிருந்து தட்டிக் கொட்டும் சக்கையிலும் இருக்கிறது. சிறிய நாய்க்கு 5 முதல் 10 கிராம் தூளே அறிகுறி காட்டப் போதும். சிக்கரி கலந்த தூளில் கஃபீன் அந்த அளவுக்குக் குறைவு. செடித்தொட்டியில் காபிச் சக்கை போடுபவர்கள் மண்ணோடு கிளறி மூடிவிடுங்கள்.

பழம் எதெல்லாம் கொடுக்கலாம்? மாம்பழ சீசன்ல அது மூஞ்சியப் பார்த்துட்டு எப்படிச் சாப்பிடுறது?

மாம்பழச் சதை, வாழைப்பழம், பப்பாளி, தர்பூசணி எல்லாம் அளவாகக் கொடுக்கலாம். கொட்டை, விதைகளை எடுத்துவிடுங்கள். மாங்கொட்டைதான் இதில் வில்லன். வழவழவென்று இருப்பதால் நாய் அப்படியே விழுங்கிவிடும். அது குடலில் போய் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான். மக்காச்சோளத்தைக் கடித்துத் தின்றபின் மிஞ்சும் தண்டும் அதே ரகம். இரண்டுமே விஷமில்லை, ஆனால் இரண்டாலும் உயிர் போகும். திராட்சை மட்டும் தனிக் கதை, கீழே பாருங்கள்.

நாய்க்கு எலும்பு போடாம வேற யாருக்குப் போடுறது?

வேக வைத்த எலும்பை யாருக்கும் போடாதீர்கள். வெந்த எலும்பு ஈரப்பதம் இழந்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கடித்தால் கூரான சிம்புகளாக உடைந்து தொண்டை, இரைப்பை, குடல் எதை வேண்டுமானாலும் கிழிக்கும். கோழிக் கால் எலும்பும் நெஞ்செலும்பும் இதில் முன்னணி. மட்டன் நல்லி எலும்பை வட்டமாக வெட்டிப் போட்டால் கீழ்த்தாடையில் வளையமாக மாட்டிக்கொள்ளும். மருத்துவர் மயக்கம் கொடுத்து வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

‘பச்சை எலும்பு?’ என்று அடுத்த கேள்வி வரும். சிம்பாக உடைவது குறைவு, உண்மைதான். ஆனால் பல் உடையும், சால்மோனெல்லா மாதிரிக் கிருமிகள் வீட்டுக்குள் வரும். என் கருத்து: எலும்புச்சாறு வேண்டுமானால் கொடுங்கள், உப்பும் வெங்காயமும் போடாமல். எலும்பு தின்றபின் முக்கி முக்கி மலம் போகாமல் நின்றாலோ, ரத்தம் வந்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ வாழைப்பழம் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

வெங்காயத்தை வேக வச்சா விஷம் போயிடும்னு சொல்றாங்களே?

போகாது. வேக வைத்தாலும் வதக்கினாலும் காய வைத்துப் பொடி செய்தாலும் இருக்கும். வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் இந்தக் குடும்பம் முழுக்க உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. உடல் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் ஒரே தடவையில் போனால் ஆபத்து என்பது பொதுவான கணக்கு. 5 கிலோ நாய்க்கு 25 கிராம், அதாவது நாலைந்து சின்ன வெங்காயம். 20 கிலோ நாய்க்கு ஒரு நல்ல பெரிய வெங்காயம். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் பாதிப்பு சேர்ந்துகொண்டே வரும்.

இதில் மோசமான விஷயம் தாமதம். தின்ற அன்று ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு நாள் கழித்துச் சோர்வு, வெளிறிய ஈறு, காபி நிறத்தில் சிறுநீர். அதற்குள் வெங்காயத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் இதே அறிகுறிகளைக் காட்டும் என்பதால் மருத்துவர் முதலில் அதைத்தான் சந்தேகிப்பார். முந்தின வாரம் என்ன தின்றது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பூண்டு கொடுத்தா உண்ணி வராதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் தினம் ரெண்டு பல் கொடுக்கிறேன்.

நிறுத்திவிடுங்கள். உண்ணி பூண்டுக்குப் பயந்து ஓடும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. பூண்டின் வீரியமோ வெங்காயத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு. மேலே சொன்ன ரத்தச் சிதைவுதான் இங்கேயும். உண்ணிக் காய்ச்சலும் ரத்தத்தைக் குறைக்கும், பூண்டும் குறைக்கும். எதைத் தடுக்க நினைக்கிறீர்களோ அதற்கே துணை போகிறீர்கள். உண்ணிக்குத் தனியாக மருந்து இருக்கிறது, எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர் சொல்வார்.

பாயசத்துல கிடந்த திராட்சை ரெண்டு தின்னதுக்கா டாக்டர்கிட்ட ஓடணும்?

போன் பண்ணியாவது கேளுங்கள். திராட்சையும் உலர் திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். எந்த நாய்க்கு, எத்தனை பழத்தில் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு நாய் கைநிறையத் தின்றுவிட்டு வாலை ஆட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்று கொஞ்சம் தின்றே படுத்துவிடும். முதல் நாளில் வாந்தி, பசியின்மை. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சிறுநீர் குறையத் தொடங்கும். உலர்ந்ததில் தண்ணீர் போய் எல்லாம் செறிந்திருப்பதால் அது இன்னும் மோசம். கேசரி, லட்டு, கிறிஸ்துமஸ் பிளம் கேக் எல்லாவற்றிலும் திராட்சை ஒளிந்திருக்கும்.

புளியும் ஆகாதுன்னு யாரோ சொன்னாங்க. வாட்ஸ்அப் புரளிதானே?

புரளி இல்லை. திராட்சையில் எது விஷம் என்று பல வருடம் யாருக்கும் புரியவில்லை. 2021-ல் அமெரிக்காவில் ஏஎஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்பு நடத்தும் நச்சு மையத்தின் மருத்துவர்கள் ஒரு விளக்கம் வைத்தார்கள். வீட்டில் செய்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்குத் திராட்சை தின்ற நாயைப் போலவே சிறுநீரகம் கெட்டது. அந்த மாவில் இருந்தது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையிலும் அதே அமிலம் உண்டு, ரகத்துக்கும் பழுத்த பக்குவத்துக்கும் ஏற்ப அளவு மாறும். மேலே சொன்ன ‘ஒரு நாய்க்கு ஆகும், இன்னொன்றுக்கு ஆகாது’ என்ற புதிருக்கும் இது பொருந்தி வந்தது.

டார்டாரிக் அமிலம் அதிகம் உள்ள இன்னொரு பொருள் நம் புளி. அதன் சதையில் பத்து சதவீதத்துக்கு மேல்கூட இருக்கும். அடுத்த ஆண்டே, புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களைப் பற்றிய குறிப்புகளும் வெளியாயின. ஆக, ரசம் ஒரு வாய் நக்கியதற்குப் பதற வேண்டாம். புளி உருண்டை, புளிக்காய்ச்சல், கொட்டை எடுக்கப் பரப்பிய புளி இவற்றில் வாய் வைத்திருந்தால் திராட்சை தின்ற மாதிரியே நினைத்து உடனே கிளம்புங்கள். வீட்டில் புளி உடைக்கும் நாளில் நாயைக் கட்டிப்போடுவது நல்லது.

எங்க தாத்தா காலத்துல இருந்து குழம்பு சோறுதான் போடுறோம். ஒண்ணும் ஆகலையே?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. உண்மையில் நியாயமான கேள்விதான். குழம்பு சோற்றில் பெரும்பகுதி சோறு, குழம்பு கொஞ்சம், நாயும் 20 கிலோவுக்கு மேல். ஒரு வேளைக்குப் போகும் வெங்காயமும் புளியும் மேலே சொன்ன அளவுகளை எட்டுவதில்லை. அதனால் நாய் அன்றைக்கே விழுவதில்லை.

ஆனால் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பதை யார் பார்த்தார்கள்? தாத்தா காலத்தில் நாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்ததுண்டா? சோர்ந்து படுத்தால் வயசாகிவிட்டது என்றார்கள். ஒரு மூலையில் போய்ச் செத்தால் பூச்சி கடித்திருக்கும் என்றார்கள். இன்று அதே சாம்பாரை 4 கிலோ பொமரேனியனுக்குத் தினமும் ஊற்றுகிறோம், கணக்கு மாறிவிடுகிறது. வெங்காயம், புளி, உப்பு மூன்றும் ஒரே கரண்டியில் போகின்றன. சோறு, பருப்பைத் தாளிப்பதற்கு முன்பே நாய்க்கு என்று தனியே எடுத்து வைத்துவிட்டால் சண்டையே இல்லை.

சுகர் ஃப்ரீ சூயிங்கம் தின்னா என்ன? இனிப்பு இல்லைன்னா நல்லதுதானே?

இந்தப் பக்கத்திலேயே வேகமாகக் கொல்லும் பொருள் இதுதான். சர்க்கரை இல்லாத சூயிங்கம், சில டூத்பேஸ்ட், சில பீநட் பட்டர் வகைகளில் சைலிடால் என்ற இனிப்பு சேர்க்கிறார்கள். நாயின் கணையம் இதைச் சர்க்கரை என்று ஏமாந்து இன்சுலினைக் கொட்டிவிடும். அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரிந்து நாய் தள்ளாடும், வலிப்பு வரும். ஒரு கிலோ எடைக்கு 0.1 கிராம் போதும். 5 கிலோ நாய்க்கு ஒன்றிரண்டு சூயிங்கமே அந்த அளவைத் தொட்டுவிடும். 0.5 கிராம் தாண்டினால் கல்லீரலும் கெடும். லேபிளில் பெயருக்குப் பதில் 967 என்ற எண் மட்டும் போட்டிருக்கலாம். இதைத் தின்றிருந்தால் அறிகுறி வரட்டும் என்று பார்க்காதீர்கள்.

ஞாயித்துக்கிழமை பிரியாணி மிஞ்சிடுச்சு. தெரு நாய்க்குப் போட்டா புண்ணியம்தானே?

எலும்பைப் பொறுக்கிவிட்டு, வெங்காயம் குறைவான சோறாகப் பார்த்துப் போட்டால் சரி. மூட்டை கட்டிப் பிளாஸ்டிக் பையோடு வீசாதீர்கள். வாசனைக்கு நாய் பையையும் சேர்த்து விழுங்கும், குடல் அடைக்கும். கெட்டுப்போனதைப் போடவே வேண்டாம். பூஞ்சை பிடித்த ரொட்டியிலும் பழைய சாப்பாட்டிலும் உள்ள சில நஞ்சுகள் உடம்பையே உதற வைக்கும். பூஞ்சை பிடித்த நிலக்கடலை கல்லீரலைக் கெடுக்கும்.

கொழுப்பும் ஒரு பிரச்சினை. கறியிலிருந்து வெட்டி எடுத்த கொழுப்பு, நெய் வழியும் பலகாரம் இதெல்லாம் ஒரேயடியாகப் போனால் கணையம் வீங்கிவிடும். தீபாவளிக்கு மறுநாள் வீட்டு நாய் விடாமல் வாந்தி எடுத்து, முன்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கியபடி நின்றால் வயிற்றில் கடுமையான வலி என்று அர்த்தம்.

காய்ச்சலா இருக்கு, பாரசிட்டமால் பாதி இட்லியில வச்சுக் கொடுக்கட்டுமா?

உணவு பற்றிய பக்கத்தில் இது எதற்கு என்றால், அந்த இட்லிக்காகத்தான். வேண்டாம். மனித வலி மாத்திரைகள் நாயின் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். ஐபுப்ரொஃபென் இரைப்பையில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் விடாது. மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் எதுவும் வேண்டாம்.

தின்னுட்டுச்சு. இப்ப வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்க என்ன கொடுக்கிறது?

‘வாந்தி மருந்து இருக்கா?’ என்று கடைக்கு ஓடி வருபவர்களை நான் திருப்பித்தான் அனுப்புகிறேன். உப்புத் தண்ணீர் கூடவே கூடாது. ஒரு கிலோ எடைக்கு 2 கிராம் உப்பே நஞ்சாகும், 5 கிலோ நாய்க்கு இரண்டு டீஸ்பூன்! தின்ற பொருளைவிட அதுவே கொன்றுவிடும். புளிக்கரைசல் ஏன் ஆகாது என்று இப்போது உங்களுக்கே தெரியும். சோப்புத் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கும். பால், முட்டை வெள்ளைக்கரு இதெல்லாம் விஷத்தை முறிக்காது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்து நீங்களாகச் செய்யாதீர்கள், அடர்த்தி மாறினால் இரைப்பை புண்ணாகும்.

மருத்துவமனையில் ஊசி போட்டுப் பாதுகாப்பாக வாந்தி எடுக்க வைப்பார்கள். பெரும்பாலும் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போனால்தான் அது பயன்படும். என்ன தின்றது, எவ்வளவு, எப்போது, நாயின் எடை இந்த நான்கையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். கவரோ டப்பாவோ இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். ஏற்கெனவே தள்ளாடுகிற, மயங்குகிற நாயின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

தானாவே வாந்தி எடுத்துட்டுது, இப்ப நல்லா விளையாடுது. இனிமே பயமில்லையே?

எதைத் தின்றது என்பதைப் பொறுத்தது. சைலிடால் அரை மணியில் காட்டும், சூயிங்கமாக இருந்தால் சில மணி நேரம் தள்ளியும் காட்டும். சாக்லேட் பெரும்பாலும் அரை நாளுக்குள். திராட்சையும் புளியும் மூன்று நாள் வரை. வெங்காயம் ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளும். எனவே காலையில் தின்ற நாய் மாலையில் விளையாடுகிறது என்பதை வைத்துச் சாக்லேட்டுக்கு நிம்மதி அடையலாம், திராட்சைக்கு அடைய முடியாது. சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனைதான் பதில் சொல்லும், அதையும் ஒரு முறையோடு விடாமல் அடுத்த இரண்டு நாளும் எடுக்கச் சொல்வார்கள்.

அப்போ வீட்டுச் சாப்பாடே கொடுக்கக் கூடாதா? கடைத் தீவனம் கட்டுப்படியாகாது.

தாராளமாகக் கொடுக்கலாம். தாளிக்காத தயிர் சாதம், எலும்பில்லாத வெந்த கோழிக்கறி, வேக வைத்த முட்டை, பூசணி, கேரட், ராகிக் கூழ் எல்லாம் நல்லதுதான். மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை தவறில்லை. ஆனால் சோறு மட்டுமே போட்டால் புரதமும் கால்சியமும் குறையும், குட்டிகளுக்குக் கால் வளைந்துவிடும். எடைக்கும் வயதுக்கும் ஏற்ற அளவை ஒரு தடவை மருத்துவரிடம் எழுதி வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் பக்கம் மட்டும் வேண்டாம், உப்புக் கணக்கை மேலேயே பார்த்தீர்கள்.

வீட்டுல பூனையும் இருக்கு. அதுக்கும் இதே லிஸ்ட்தானா?

பாதி அதே. வெங்காயம், பூண்டு விஷயத்தில் பூனை நாயைவிட மென்மையானது, ஒரு கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயமே போதும். பாரசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். சாக்லேட் பூனைக்கும் ஆகாது, ஆனால் இனிப்புச் சுவை அதன் நாக்குக்குத் தெரியாததால் அது தானாகத் தேடிப் போவது அபூர்வம். நாய்ப் பட்டியலில் இல்லாத ஒன்றும் உண்டு: பூங்கொத்தில் வரும் லில்லி. அதன் மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, அதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும். பூனை இருக்கிற வீட்டுக்கு யாராவது லில்லி கொண்டுவந்தால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.